இரும்பு எண்ணித் தட்டாது

மணி காலை ஐந்தே முக்கால். லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு தெரு. ஒரு பக்கம் நீளத்துக்கும் கிடங்குச் சுவர்... மறுபக்கம் இறக்கிவிட்ட ஷட்டர்கள். ஆள் இல்லை. நாய்கூட இல்லை. ஒரே ஒருவர் மட்டும் நடந்து வருகிறார். கையில் சாவிக்கொத்து. அவருடைய செருப்புச் சத்தம் சுவரில் பட்டு, பின்னால் இன்னொருவர் நடந்து வருவது மாதிரித் திரும்பி வருகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் சுவரில் பட்டு எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்று கணக்குத் தெரிந்தவர் அவர்.

இப்படித்தான் ஆரம்பித்தார் கட்டர் அண்ணன். கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவர். ஆலையில் வருடாந்திரப் பராமரிப்பு வேலை. கரண்ட் போய் ஒரு மணி நேரம். தகரக் கொட்டகைக்குள் ஏழு பேர், ஒரு டார்ச். வெளியே மழை.

"அண்ணே, இது நடந்ததா, அடிச்சு விடுறதா?" என்றான் பெயிண்டர்.

"என் பெரியம்மா பொண்ணு அந்த ஆபீஸ்ல வேலை பார்த்தவ. அவ வாயால கேட்டது. பயமா இருந்தா வெளிய போய் நில்லு."

"வெளிய மழை அண்ணே."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இங்கயே பயப்படு."

பெயிண்டர் நகர்ந்து வந்து பக்கத்து ஆளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டான். கட்டர் அண்ணன் டார்ச்சை அணைத்தார்.

நடந்து வருகிற அந்த மனிதருக்குப் பேய் டாக்டர் என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வாயுக்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். இருபத்தாறு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கே மூச்சுத் திணறி ஆள் செத்தாலும் இவரைக் கூப்பிடுவார்கள். எதனால் செத்தான், எத்தனை மணிக்குச் செத்தான் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எவனும் கேள்வி கேட்க முடியாது. நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஏன் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தார். பேய்க் கதை, விஞ்ஞானக் கதை. அப்புறம் சொந்தமாகப் பத்திரிகை. ஒரு மாதம் விண்கலம், மறுமாதம் பேய். பதினெட்டு வருடமாக ஒரு இதழ்கூடத் தவறியதில்லை.

கட்டர் அண்ணனின் அக்கா, அந்தப் பெரியம்மா பொண்ணு, அங்கே எழுத்துப்பிழை பார்க்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு விஷயத்தை முதலில் கவனித்தவள் அவள்தான். டாக்டர் எழுதிய விண்கலக் கதைகளில் கலம் உடையும், தீப்பிடிக்கும், கிரகத்தில் மோதும்... ஆனால் ஒருத்தனுக்கும் காற்று தீர்ந்து போகாது. கேட்டதற்கு, "அது பழைய சரக்கு. எல்லாரும் எழுதிட்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "பேய் வரலாம், போகலாம். ஆனா கதையில ஒரு அறை வந்தா, அதுல எவ்வளவு காத்து இருக்கும்னு எழுதுறவனுக்குத் தெரியணும்" என்பார். அதனால் தேர்வான ஒவ்வொரு கதைக்கும் ஒரு கேள்வித்தாள் போகும். இடது பாதியில் எண் போட்டுக் கேள்விகள். வலது பாதி காலி. எழுதினவன் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அப்புறம்தான் அச்சு. பேய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் தொங்கியது என்று கேட்டு ஒரு எழுத்தாளருக்கு அனுப்பினார். "நீங்களே வந்து அளந்துக்குங்க" என்று பதில் வந்தது.

அன்று காலை ஷட்டரைத் தூக்கியபோது உள்பக்கம், தரையில், ஒரு உறை கிடந்தது. தபால்தலை இல்லை. 'அடுத்த இதழுக்கு' என்று மட்டும் பென்சிலில். கையில் எடுத்தார். ஈரம். மழை பெய்து பதினைந்து நாள் ஆகியிருந்தது... மூக்கருகே கொண்டுபோனார். தின்னர் வாசனை. பெயிண்டில் கலப்பார்களே, அதே.

உள்ளே பதினோரு தாள். ஆலைகளில் ஷிப்ட் விவரம் குறிக்கிற பழைய தாள்களின் பின்பக்கத்தில், நெருக்கி எழுதின பென்சில் எழுத்து. பெயர் இல்லை. முகவரி இல்லை.

ஒன்பது மணிக்கு வந்த அக்கா, அவர் மேசையில் கிடந்த தாள்களை நின்றபடியே படித்தாள். உட்கார்ந்தாள். முடித்தாள்.

"யாரு டாக்டர் இந்த ஆளு? நமக்கு எழுதுறவங்கல்லாம் பேயைப் பார்த்தவங்க மாதிரி எழுதுவாங்க. இவரு பேயாவே இருந்த மாதிரில்ல எழுதியிருக்காரு."

அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

கதை இதுதான். ஒரு ஆலை. தின்னர் மாதிரிக் கரைப்பான் வைக்கிற பெரிய இரும்பு டேங்க். காலி செய்துவிட்டு, துரு சுரண்ட ஒரு கூலியாளை உள்ளே இறக்குகிறார்கள். ரெண்டு மணிச் சங்கு ஊதியதும் இறங்குகிறான். இறங்கின கொஞ்ச நேரத்தில் மேலே இற்றுப்போன உத்திரம் முறிந்து, இருந்த ஒரே வாயை அடைத்துக்கொண்டு விழுகிறது. உள்ளே இருட்டு. தின்னர் ஆவி. அவன் தட்டுகிறான். தட்டிக்கொண்டே இருக்கிறான். ஒன்பது மணி நேரம் உயிரோடு இருக்கிறான். அவ்வளவுதான்.

டாக்டர் பென்சிலை எடுத்தார். 'ஒன்பது' என்ற சொல்லைச் சுழித்தார். ஓரத்தில், 'தவறு. இரண்டு' என்று எழுதினார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஆலைக்கு அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. உத்திரத்தைத் தூக்கக் கிரேன் வர வேண்டும். அது விடிந்துதான் வரும். டேங்கை வெட்டலாம் என்றால் ஒரு பொறி பட்டால் போதும், பக்கத்து டேங்குகளோடு ஆலையே போய்விடும். இன்னொரு வழி உண்டு. உள்ளே தண்ணீர் விட்டு ஆவியை வெளியே தள்ளிவிட்டு அப்புறம் வெட்டுவது. ஆனால் உள்ளே ஆள் உயிரோடு இருந்தால்...? மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார். நாலு அதிகாரிகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் டேங்கின் வரைபடத்தை மேசையில் விரித்தார். டேங்கைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்க்கவில்லை. கொள்ளளவு இவ்வளவு, ஆவி இவ்வளவு, ஆள் ஒன்று. ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. அப்போதே மணி ஐந்தரை.

"உள்ள தட்டுற சத்தம் கேக்குது சார்" என்றான் ஒரு ஆள்.

"வெயில் இறங்குதில்ல. இரும்பு குளிர்றப்போ அப்படித்தான் சத்தம் வரும்" என்றார்.

ஆறு மணிக்குத் தண்ணீரைத் திறந்தார்கள்.

இதெல்லாம் ஆலையில் இருந்த பத்திருபது பேருக்குத் தெரியும். அதில் எவனோ ஒருவன் இத்தனை வருடம் கழித்து வம்புக்கு இழுக்கிறான் என்று டாக்டர் நினைத்தார். ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கேள்வித்தாள் எழுதினார். நாலு கேள்வி. எங்கே அனுப்புவது? அன்று மாலை பூட்டும்போது, ஷட்டருக்குக் கீழே பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்பு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒன்று நடந்தது. இரண்டு ஷட்டரில் ஒன்று இறக்கியிருந்தது. வெளியே கண் கூசுகிற வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. டங்... டங்... டங். நின்றது. மறுபடி, டங்... டங்... டங்.

அக்கா எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"வெயில்ல தகரம் விரியுதும்மா" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"விரியட்டும். மூணு தடவை விரிஞ்சு, மூச்சு வாங்கிட்டு, மறுபடி மூணு தடவையா விரியும்?"

அவர் மின்விசிறியை வேகமாக வைத்தார்.

மறுநாள் காலை கேள்வித்தாள் உள்ளே கிடந்தது. ஈரம். வலது பாதியில் பென்சில்.

முதல் கேள்வி: இவ்வளவு ஆவியில் ஒரு ஆள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எப்படி இருந்தான்?

'ஏணி உச்சியில மூணு அங்குலக் குழாய் ஒண்ணு பின்பக்கம் போகுது. வாயை அதுல வெச்சுக்கிட்டேன். டேங்க் கட்டினப்புறம் போட்ட குழாய். உங்க படத்துல இருக்காது.'

இரண்டாவது: இருட்டில் நேரம் எப்படித் தெரிந்தது?

'பத்து மணிச் சங்கு கேட்டுச்சு. அப்ப தண்ணி நெஞ்சுக்கு வந்திருந்துச்சு. அதுக்கப்புறம் எண்ணினேன். மூவாயிரத்து நானூறு வரைக்கும்.'

மூன்றாவது: தட்டியிருந்தால் வெளியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமே?

'கேட்டுச்சு. இரும்பு குளிருதுன்னு சொன்னீங்க. நான் மூணு மூணாத் தட்டினேன் சார். இரும்பு எண்ணித் தட்டாது.'

நான்காவது: குழாய் இருந்திருந்தால் குரல் வெளியே வந்திருக்குமே? யாருக்கும் கேட்கவில்லையா?

'ஒருத்தருக்குக் கேட்டுச்சு. தனித் தாள்ல எழுதியிருக்கேன். பன்னிரண்டாவது பக்கமா சேர்த்துக்குங்க.'

அந்தத் தாளும் கூடவே இருந்தது. டாக்டர் அதைப் படித்தார். படித்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். வெகு நேரம் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வந்து, அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது கதையா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"இதைப் போட வேண்டாம்."

பத்திரிகையில் மறுப்புச் சீட்டு ஒன்று அச்சடித்து வைத்திருப்பார்கள். 'தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' அதில் ஒன்றை எடுத்து அன்று மாலை ஷட்டருக்குக் கீழே வைத்தார்.

காலையில் அலுவலகத் தரை முழுக்கத் தண்ணீர். கணுக்கால் வரை. குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை. தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. சீட்டு, மேசைமேல், நடுவில். அச்செழுத்துக்குக் கீழே பென்சிலில் இரண்டு சொல்.

'இன்னொரு தடவையுமா?'

அக்கா தண்ணீரைத் தள்ளி முடிக்க மத்தியானம் ஆயிற்று. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பையில வெச்சிருக்கிற தாள்ல என்ன இருக்குன்னு நான் கேக்க மாட்டேன். போடலாமா வேண்டாமான்னு எங்கிட்டயும் கேக்காதீங்க. யார்கிட்ட கேக்கணுமோ அவங்ககிட்டப் போய்க் கேளுங்க. நாளைக்கும் தண்ணி தள்ள என் இடுப்பு தாங்காது."

யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். டேங்கில் செத்த ஆளின் மனைவி. உடலை எடுத்த அன்று, ஆலை வாசலில், அந்தப் பெண்ணிடம் அவரே நேரில் போய்ச் சொன்னார். 'அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா. தூக்கத்துல போற மாதிரிதான் போயிருப்பாரு.' பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருப்பாள். இந்தக் கதையை அச்சடித்தால் அது போய்விடும். தன் மானம் போவது இருக்கட்டும், அவளுக்காகவே இதைப் போடக் கூடாது... போகிற வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனார். வேண்டாம் என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும்.

ஒற்றை அறை வீடு. சாக்கு தைக்கிற வேலை. அறையில் பாதிக்குச் சாக்குக் கட்டு. அவள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு கட்டைத் தட்டிவிட்டு, "உக்காருங்க சார்" என்றாள். ஊசியைக் கீழே வைக்கவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். யாரோ எழுதியிருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை என்றார்.

"எனக்குப் படிக்க வராது. படிங்க."

"வேண்டாம்மா... உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டத்தை நான் பார்த்துக்குறேன். நீங்க படிங்க."

படித்தார். தட்டுகிற இடம் வந்தபோது அவள் ஊசி நின்றது.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "நான் ஆலை கேட்டுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். சத்தம் அங்க வரைக்கும் வந்துச்சு. வீட்டுக் கதவையும் அவர் அப்படித்தான் தட்டுவாரு. மூணு மூணா. வாட்ச்மேன்கிட்ட சொன்னேன், அது எங்க வீட்டுக்காரர்தான்னு. போய்க் கேட்டுட்டு வந்து, டாக்டரே சொல்லிட்டாரு, இரும்புதான்னு சொன்னான். படிச்சவங்க சொல்றாங்க... நமக்கு என்ன தெரியும்னு நின்னுட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இத்தனை வருஷமா நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்னு நெனச்சுட்டிருக்கேன் சார்."

அவர் மேலே படித்தார். முடித்தார். தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"இல்ல. உங்க பையில ஒண்ணு இருக்கு. வந்ததுலேர்ந்து நாலு தடவை தொட்டுப் பார்த்துட்டீங்க."

தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் அந்தத் தாளை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனவர், துடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டார். படித்தார்.

'ஆறு மணி இருக்கும். குழாய் கீழ சாஞ்சிருந்துச்சு. அது வழியா ஒரு காசு அளவு வெளிச்சம். அதுல ஒரு சட்டை வந்து நின்னுச்சு. நீலம். பையில ரெண்டு பேனா. சுவரைப் பார்த்து ஒண்ணுக்குப் போனாரு. ஐயான்னு கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாரு. குழாயைப் பார்த்தாரு. ஐயா உயிரோட இருக்கேன்னு சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மாட்டிக்கிட்டுப் போனாரு. ஆள் கூட்டிட்டு வரத்தான் போறாருன்னு நெனச்சேன். கீழ தண்ணி விழுற சத்தம் கேட்டப்பவும் அப்படித்தான் நெனச்சேன்.'

கொட்டகை இருட்டில், "அந்த நீலச் சட்டை..." என்று பெயிண்டர் ஆரம்பித்தான். "அவரேதான். சும்மா இரு" என்றார் கட்டர் அண்ணன்.

அவரேதான். குழாய் ஒன்று இருக்கிறது, கணக்கு தப்பு என்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. நாற்பது தப்படி திரும்பி நடந்து, ஐந்து பேர் முன்னால், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நடக்கத்தான் செய்தார். நடக்க நடக்க அவர் மூளை வேறு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. குழாய் வாயில் காற்று அடித்தால் குரல் மாதிரிதான் கேட்கும். பாட்டில் வாயில் ஊதினால் கேட்பதில்லையா? அவர் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர், "திறந்துடலாமா சார்?" என்று கேட்டார். சரி என்று அவர் தலையை ஆட்டினார். உடல் ஏணி உச்சியில், குழாயைக் கட்டிப் பிடித்தபடி கிடைத்தது. மிதந்து வந்து மாட்டியிருக்கும் என்றார் மேனேஜர். அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் அழவில்லை. கையிலிருந்த சாக்கை மடித்து, கட்டின்மேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"போடுங்க" என்றாள்.

"அம்மா..."

"ஒன்பது மணி நேரம்னு போடுங்க. நீலச் சட்டை யாருன்னும் போடுங்க. பேரோட போடுங்க. எனக்காக ஒண்ணும் மறைக்க வேணாம் சார். எனக்காகன்னு சொல்லி மறைச்சதெல்லாம் போதும்."

அவர் எழுந்து வாசலுக்கு வந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். ரேகைதான் வெப்பாரு. அது தெரியுமா உங்களுக்கு?"

டாக்டருக்குத் தெரியாது.

அடுத்த இதழ் வந்தது. பன்னிரண்டு பக்கமும் ஒரு எழுத்து மாறாமல். அக்கா ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. கடைசியில் பதின்மூன்றாவதாக அவரே ஒரு பக்கம் எழுதினார். அறிக்கையின் எண், தேதி, தன் முழுப் பெயர். 'என் கணக்கு தவறு. தவறு என்று அன்றே எனக்குத் தெரியும். குரலைக் கேட்டேன்' என்று மூன்று வரி.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கைதாவதற்குத் தயாராக ஒரு பையில் ரெண்டு சட்டை, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாராம்.

யாரும் வரவில்லை. கடிதங்கள்தான் வந்தன. பதினெட்டு வருடத்தில் வராத அளவுக்கு. 'உங்கள் உச்சம் இதுதான்.' 'கடைசிப் பக்கத்தில் ஆசிரியரையே பாத்திரமாக்கிவிட்டீர்களே, என்ன உத்தி!' பழைய மேனேஜர் போனில் கூப்பிட்டுச் சிரித்தார். "நம்ம ஆலைச் சமாச்சாரத்தை எடுத்துக்கிட்டு இப்படி ஜோடிச்சுட்டீங்களே சார்! நான் நிஜமாவே பயந்துட்டேன்." டாக்டரே இதழைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று நாற்காலி போட்டார். "சார், நீங்களா! எங்க வீட்டுல எல்லாரும் உங்க வாசகர்தான்." டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒரு புன்னகை மாறவே இல்லை. கடைசியில் அவர் கொண்டுபோன இதழையே அவர் முன்னால் நீட்டினார். "ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார். என் பொண்ணு பேருக்கு."

போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

உயிரோடு இருக்கிறவர்கள் ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பெண் ஒருத்தியைத் தவிர. இதழை வாங்கிக்கொண்டாள், மடியில் வைத்துக்கொண்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் தட்டுகிற சத்தம் நின்றது. ஈரம் இல்லை. தின்னர் வாசனை இல்லை. ரெண்டு மணி வெயிலில் ஷட்டர் தன்பாட்டுக்கு, கணக்கில்லாமல், படபடவென்று விரிகிற சத்தம் மட்டும்தான். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. "ஒருத்தனுக்காவது நான் பதில் சொல்லிட்டேன்மா" என்று அக்காவிடம் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கினார்.

பத்தாவது நாள் காலை. அச்சுக்குக் கொடுக்கிற நாள், அதனால் அக்காவும் சீக்கிரம் வந்துவிட்டாள். டாக்டர் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். வரவில்லை. உள்பக்கம் எதுவோ முட்டுக்கொடுத்தது. ரெண்டு பேருமாகச் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள்.

உறைகள். சரிந்து வந்து தெருவில் விழுந்தன. ஷட்டர் அகலத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு. ஒன்றிலும் தபால்தலை இல்லை. எல்லாவற்றிலும் பென்சில். 'அடுத்த இதழுக்கு.'

அக்கா ஒன்றை எடுத்தாள். கிணற்றுச் சேறு நாறியது. இன்னொன்று, கருகின ரப்பர். இன்னொன்று, புளித்த தானியம்... கிடங்கில் மூட்டைக்கு அடியில் வருமே, அந்த வாசனை. சில உறைகள் சில்லென்று இருந்தன. சில சுட்டன. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "யாரு டாக்டர் இவங்கல்லாம்?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் ஆளுங்கதான்மா" என்றார். "நான் நேரம் போட்டுக் குடுத்தவங்க."

"எல்லாருக்குமா தப்பாப் போட்டீங்க?"

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு உறையாகப் பிரித்தார். கிணறு வெட்டப் போனவன் எழுதியிருந்தான். கப்பலின் அடித்தட்டில் பெயிண்ட் அடித்தவன் எழுதியிருந்தான். ஒவ்வொருவனும் தன் நேரத்தை எழுதி அடியில் கோடு போட்டிருந்தான். அக்கா வெளிச்சம் ஏறுகிற வரைக்கும் நின்று பார்த்தாள். லாரிகள் புறப்படுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

குவியலுக்கு அடியில் ஒரு மெல்லிய உறை. அதை அவள்தான் எடுத்தாள். அதில் எந்த நாற்றமும் இல்லை. தூங்குகிற அறையில், போர்வைக்குள், ஒரு வெதுவெதுப்பு இருக்கும் இல்லையா... அது மட்டும். உள்ளே ஒரே தாள். எழுத்துகள் பெரிதுபெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கின. அழுத்தின அழுத்தில் காகிதம் ரெண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

அக்கா சத்தம் போட்டுப் படித்தாள். அதற்கப்புறம் அவள் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை.

'குளிருதுன்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தினாங்க. அம்மா அப்பா சீக்கிரம் தூங்கிட்டாங்க. நான் ரொம்ப நேரம் முழிச்சிருந்தேன். எனக்கு அப்ப எழுதத் தெரியாது மாமா. டேங்க் அண்ணன்தான் இப்ப எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறாரு.'